வியன்னா: ஷோன்ப்ருன் அரண்மனையைத் தவிர்த்தால் என்ன இழப்பு?

பொன்னிக்கரை எழுதியது:

வணக்கம். மே மாதம் அம்மா அப்பாவை வியன்னாவுக்கு அழைத்துப் போகிறேன். நான் ம்யூனிக்கில் வேலை பார்ப்பதால் ரயிலில் நாலு மணி நேரப் பயணம்தான். கையில் முழுதாக மூன்று நாள் இருக்கிறது. என்னுடன் வேலை செய்யும் ஒருவர், "ஷோன்ப்ருன், ஸ்டெஃபான் பேராலயம், பெல்வடேர் அரண்மனை எல்லாவற்றையும் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். டிராம் ஏறி ஊரின் ஓரங்களுக்குப் போ, அங்கேதான் வியன்னா இருக்கிறது" என்கிறார். அம்மாவுக்கு 64, அப்பாவுக்கு 71. இருவரும் நன்றாக நடப்பார்கள். படி ஏறினால் மட்டும் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கும். போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

டிராம்71 எழுதியது:

உங்களுடன் வேலை செய்பவர் சொல்வது முழுக்கச் சரி. நான் அங்கே இரண்டு வருடம் படித்தேன். முதல் மாதம் எல்லாரையும் போல அரண்மனை, அருங்காட்சியகம் என்று சுற்றினேன். இப்போது யோசித்தால் அவற்றில் வரிசையில் நின்றதுதான் ஞாபகம் வருகிறது. ஷோன்ப்ருனில் 1,441 அறைகள் உண்டு. பார்க்க விடுவது சுமார் 40. அதையும் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே கடக்க வேண்டும்.

என் பெயரிலிருக்கும் 71ஆம் எண் டிராமில் ஏறுங்கள். மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். 1874இல் திறந்தது, இரண்டரைச் சதுர கிலோமீட்டர். அங்கே புதைக்கப்பட்டவர்கள் சுமார் 30 லட்சம் பேர், ஊரில் உயிரோடு இருப்பவர்கள் 20 லட்சம். யாராவது இறந்துவிட்டால் "71ஐப் பிடித்துவிட்டார்" என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். இரண்டாம் வாசலில் இறங்கினால் பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். முதல் வாசல் பக்கமுள்ள பழைய யூதர் பகுதிக்கு நடந்து போங்கள். பேரன் பேத்திகள் கொல்லப்பட்டோ நாட்டை விட்டு ஓடியோ போனதால் பராமரிக்க ஆளில்லாத கல்லறைகள் அவை. ஐவிக்கொடி மூடிய கற்களுக்கு நடுவே மான்கள் மேயும். ஒரு நவம்பர் காலையில் நான் போனபோது, ஒரு மான் சாய்ந்த கல்லொன்றின் மேல் மூக்கை வைத்துப் பனியை நக்கிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் நான் நின்றேன், அது ஓடவில்லை.

அப்புறம் கார்ல் மார்க்ஸ் ஹோஃப். யு4 மெட்ரோவின் கடைசி நிலையமான ஹைலிகன்ஸ்டட்டில் இறங்கினால் எதிரிலேயே நிற்கும். தொழிலாளர்களுக்காக நகராட்சி 1927 முதல் 1930 வரை கட்டிய குடியிருப்பு, நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல், 1,382 வீடுகள். அரசர் கட்டியதைப் பார்க்க உலகமே போகிறது. சலவைத் தொழிலாளிக்காகவும் டிராம் ஓட்டுநருக்காகவும் ஒரு ஊர் கட்டியதைப் பார்க்க ஏன் போகக் கூடாது?

நேரம் இருந்தால் ஸ்டைன்ஹோஃப் தேவாலயம், டானூப் தீவு, அல்பர்ன் துறைமுகத்துப் பெயரில்லாதவர்கள் கல்லறை.

கல்தச்சன் எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடில்லை. எழுபது வயதில், விசா அலைச்சலெல்லாம் தாண்டி முதல் முறையாக வருகிறவர்களைப் பேராலயத்துக்குள் கூட்டிப் போகாமல் கல்லறைக்குக் கூட்டிப் போவது அவர்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை. இரண்டு வருடம் அங்கே இருந்தவருக்கு அரண்மனை சலித்திருக்கலாம். மூன்று நாளில் யாருக்கும் எதுவும் சலிக்காது.

"எல்லாரும் போகிற இடம்" என்பதால் அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. ஸ்டெஃபான் பேராலயத்தின் முதன்மை வாசலுக்கு இடப்பக்கச் சுவரைப் பாருங்கள். இரண்டு இரும்புக் கோல்களைச் சுவரில் பதித்திருப்பார்கள். ஒன்று 90 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இன்னொன்று 78க்குச் சற்றுக் குறைவு. நீளமானது நார்த்துணிக்கு, குட்டையானது கம்பளித் துணிக்கு. கடைக்காரர் அளவில் ஏமாற்றிவிட்டார் என்று சந்தேகம் வந்தால் துணியை இங்கே கொண்டுவந்து நீட்டிப் பார்க்கலாம். நம் பழைய கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தை வெட்டி வைத்திருக்கிறார்களே, அதே ஏற்பாடு. நான் அரை மணி நேரம் அங்கே நின்றேன். நூற்றுக்கணக்கானவர்கள் கடந்து போனார்கள், ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊரின் நடுமையத்தில், கூட்டத்தின் கண்ணெதிரிலேயே யாரும் பார்க்காத இடம் இருக்கிறது. அதற்காக டிராம் ஏறி ஓரத்துக்குப் போக வேண்டியதில்லை.

கலை வரலாற்று அருங்காட்சியகமும் அப்படித்தான். மூத்த பிரூகல் வரைந்த 12 ஓவியங்கள் அங்கே உண்டு, உலகில் வேறெங்கும் இத்தனை சேர்ந்து இல்லை. பனியில் வேட்டை முடிந்து திரும்புகிறவர்களை அவர் 1565இல் வரைந்த ஓவியத்தின் முன்னால் ஒரு பெஞ்சு இருந்தது. அம்மாவை அங்கே உட்கார வையுங்கள். இடது ஓரத்தில் சத்திரத்தின் வாசலில் நெருப்பு மூட்டுகிறவர்களைப் பாருங்கள், சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது. அதையும் படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் நேரில் நின்று பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

டிராம்71 எழுதியது:

கோல் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், நூறு பேரில் ஒருவரும் திரும்பவில்லை என்று. ஏன்? கூட்டம் தள்ளுகிறது, வழிகாட்டியின் குடை முன்னால் போகிறது. அந்த இடத்தில் நின்று பார்க்கும் மனநிலை வருவது கஷ்டம். ஊரின் ஓரத்தில் அது தானாக வரும்.

ஒட்டக்ரிங்வாசி எழுதியது:

11 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இப்போது நகராட்சிக் குடியிருப்பு ஒன்றில். இந்த ஊரில் நாலில் ஒருவர் இப்படிப்பட்ட வீட்டில்தான் வசிக்கிறார். சுமார் 2,20,000 வீடுகள் நகராட்சிக்குச் சொந்தம். தம்பி டிராம்71 எழுதியதைப் படித்தபோது ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் சங்கடமாகவும் இருந்தது. சங்கடத்தைச் சொல்கிறேன்.

போன கோடையில் எங்கள் முற்றத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் ஒரு வழிகாட்டியோடு வந்தார்கள். "சுற்றுலாப் பயணிகள் பார்க்காத வியன்னா" என்று அழைத்து வந்திருக்கிறார்கள். முதல் மாடியில் எனக்கு அடுத்த வீட்டுப் பாட்டி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒருவர் கேமராவை உயர்த்தினார். பாட்டி கையிலிருந்த தலையணை உறையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் கை வலித்து இறக்கும்வரை அந்த ஆள் கேமராவை இறக்காமல் காத்திருந்தார். எடுத்துவிட்டு "டாங்கே" (நன்றி) என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரண்மனையைப் பார்க்க வருகிறவர்களால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இப்போது அரசர் குடியில்லை, டிக்கெட் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, காவலர் இருக்கிறார். "ஓரத்துக்குப் போ" என்று எழுதும்போது அந்த ஓரம் யாரோ ஒருவரின் வாசல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இங்கே ப்ரூனன்மார்க்ட் சந்தைப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு வாடகை எங்கே போயிற்று என்று இங்கே வீடு தேடியவர்களுக்குத் தெரியும். ஊர் முழுக்க இதே புகார் வந்து, 2024 ஜூலையிலிருந்து அனுமதி இல்லாமல் வருடத்துக்கு 90 நாளுக்கு மேல் அப்படி விடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

ஸ்டைன்ஹோஃப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்க நிறக் குவிமாடம், ஓட்டோ வாக்னர் 1907இல் முடித்த கட்டடம், எல்லாம் சரி. மனநல மருத்துவமனை நோயாளிகளுக்காகக் கட்டியது என்பதால் பெஞ்சுகளின் முனையைக் காயம்படாதபடி உருட்டியிருக்கிறார். தீர்த்தம் தொட்டியில் தேங்காமல் சொட்டுச் சொட்டாக விழும், ஒருவர் நோய் இன்னொருவருக்குத் தொற்றக் கூடாது என்று. அதே வளாகத்தில்தான் நாஜி காலத்தில், 1940க்கும் 1945க்கும் இடையில், ஊனமுற்ற குழந்தைகளும் "வளர்ந்து உதவமாட்டார்கள்" என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளும் கிட்டத்தட்ட 800 பேர் கொல்லப்பட்டார்கள். புல்வெளியில் அவர்களுக்காக 772 விளக்குத் தூண்கள் நிற்கின்றன. டாக்டர்கள் பாதுகாத்து வைத்திருந்த உடல் பாகங்களை 2002இல்தான் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். குவிமாடத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கும்.

டிராம்71 எழுதியது:

அக்கா, அந்தப் பாட்டியைப் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. படம் எடுப்பது பற்றி நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. தப்புதான்.

ஆனாலும் போகவே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். கார்ல் மார்க்ஸ் ஹோஃப் யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கட்டிய இடமில்லை. நகராட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் 1923இல் கொண்டுவந்த வீட்டுவரியில், பணக்கார வீடுகளுக்கு மேலே போகப் போக ஏறிய அந்த வரியில், எழுந்தது அது. ரயிலில் ஊருக்குள் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றே அத்தனை பெரிய வளைவுகளும் கொடிக்கம்பக் கோபுரங்களும் வைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1934 பிப்ரவரியில், சோஷலிஸ்ட் தொழிலாளர்களுக்கும் அரசுக்கும் நடந்த சண்டையில், ராணுவம் அதன்மேல் பீரங்கியால் சுட்டது. வீடுகள் மேல், ஆள் குடியிருக்கும்போதே. அந்தச் சுவரைப் பார்க்காமல் அரச குடும்பத்தின் நாற்காலிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், இந்த ஊர் நூறு வருடமாக எதற்காகச் சண்டை போட்டது என்றே தெரியாமல் போய்விடும்.

குறிஞ்சி எழுதியது:

அம்மாவின் முழங்காலை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே. மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே 106ஆம் எண் பஸ் ஓடுகிறது, அதில் ஏறி இறங்கிப் பார்க்கலாம். பேராலயத்தின் தெற்குக் கோபுரம் 343 படி, அது வேண்டாம். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. ஷோன்ப்ருன் தோட்டத்துக்குக் கட்டணமே இல்லை, காலை ஆறரைக்கே திறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அங்கே ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் எல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான். இதைச் சுற்றுலா இடம் என்பதா, ஊரின் இடம் என்பதா?

பொன்னிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு தொலைபேசியில் அப்பாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா வீட்டு வசதி வாரியத்தில் 31 வருடம் பொறியாளராக இருந்தவர். ஷோன்ப்ருன், பிரூகல் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், கார்ல் மார்க்ஸ் ஹோஃப் வந்ததும் "நிறுத்து, அதைத் திரும்பப் படி" என்றார். 1,382 வீடு என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மொத்த நிலத்தில் கட்டடம் எத்தனை சதவீதம்?" எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

அம்மாவுக்கு அந்தக் குழந்தைகளின் விளக்குத் தூண்களைப் பார்க்க வேண்டுமாம். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

கல்தச்சன் எழுதியது:

அப்பாவுக்கு அது சொந்தத் தொழில், அவர் கட்டாயம் போக வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. எல்லாருக்கும் அதையே பொதுவிதியாகச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். ஒரு அரை நாளாவது அருங்காட்சியகத்துக்கு வையுங்கள், பொறியாளர் என்றால் பிரூகலின் பாபேல் கோபுர ஓவியத்தின் முன்னாலிருந்து அவரை எழுப்ப முடியாது. சாரம் எப்படிக் கட்டியிருக்கிறார்கள், பாரந்தூக்கியை மனிதர்கள் சக்கரத்துக்குள் நடந்து எப்படிச் சுழற்றுகிறார்கள் என்பதுவரை வரைந்திருக்கிறார். வரைந்தது 1563இல்.

ஒட்டக்ரிங்வாசி எழுதியது:

பொன்னிக்கரை, அப்பாவின் கேள்விக்குப் பதில்: 18.5 சதவீதம். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுக்க முற்றம், மரம், புல். அந்த முற்றங்கள் திறந்தே இருக்கும், குறுக்கே நடக்கலாம், பெஞ்சில் உட்காரலாம். அப்படித்தான் அக்கம்பக்கத்தவர்களும் செய்கிறார்கள். ஜன்னல்களை நோக்கிக் கேமராவைத் திருப்பாமல் இருந்தால் போதும்.

உள்ளே பழைய பொதுச் சலவைக்கூடம் ஒன்றில் அந்தக் காலத்து நகராட்சியின் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வாரத்தில் சில நாள்தான் திறப்பார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வருகிறவர்களுக்காகவே இருக்கும் இடம் அது, கூச்சமில்லாமல் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை, பொதுக் குளியலறை எல்லாம் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று அப்பாவுக்கு அங்கே தெரிந்துவிடும்.

ஸ்டைன்ஹோஃபுக்கு அம்மாவை மாலை இருட்டும் நேரத்தில் கூட்டிப் போங்கள். தூண்களில் விளக்கு எரிய ஆரம்பித்திருக்கும்.