அம்மாவை வைத்துப் பணம் வாங்கினோமா?

தன் அக்கா சாலை விபத்தில் இறந்து மூன்று வாரத்திலேயே நஷ்டஈடு பற்றிப் பேசுவது சரியா என்று கேட்ட தம்பிக்கு, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் சின்னாளபட்டி. அப்பாவுக்குக் கைத்தறி. 2019 ஆடி வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டுச் சாலையைக் கடந்த அம்மாவைக் கார் அடித்துவிட்டது. வயது 47. நான் கல்லூரி முதல் வருடம், தம்பி ஒன்பதாவது. காரியம் முடிந்த மறுநாளே சித்தப்பா ஒரு வக்கீலைக் கூட்டி வந்தார். "அவளை வித்துத் திங்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். எனக்கும் அன்று அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டது.

ஆனால் அப்பாவைத் தடுத்தது வேறொன்று. கார் ஓட்டிய பையனின் அம்மா துக்கம் கேட்க வந்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருந்தார். வழக்குப் போட்டால் அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடுமோ என்று அப்பா பயந்தார். மூன்றாம் நபர் காப்பீடு எல்லா வண்டிக்கும் கட்டாயம், காரின் பாலிசியும் பையனின் லைசென்ஸும் சரியாக இருப்பதால் பணம் தரப்போவது காப்பீட்டு நிறுவனம்தான் என்று வக்கீல் விளக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் வந்ததுதான் உண்மையான சோதனை. அம்மா தையல் கடை வைத்து மாதம் 20,000 சம்பாதித்ததாகப் போட்டுக்கொள்ளலாம், சான்றிதழுக்கு ஆள் இருக்கிறது என்றார் வக்கீலின் குமாஸ்தா. சித்தப்பாவும் தலையாட்டினார். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பொய் சொல்லி வாங்கினா, அதுதான் அவளை வித்த காசு." இன்றைக்கும் என் கணக்கு இதுதான். வழக்குப் போடுவதில் எந்தத் தப்பும் இல்லை, இல்லாததை இருப்பதாகச் சொல்வதுதான் தப்பு.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் கேட்டார், "உங்கள் அம்மாவுக்கு வருமானம் எதுவும் இல்லை, அப்படித்தானே?" ஆமாம், வருமானம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு, கேட்காமலேயே மேலும் சொன்னேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, எங்களை அனுப்பிவிட்டு, அப்பாவின் தறிக்கு ராட்டையில் தார், அதாவது குறுக்கு நூல் குழல், சுற்றிக் கொடுப்பது அம்மாதான். தார் இல்லாமல் தறி ஓடாது. அம்மா போன பிறகு அதற்குக் கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கிறோம். இத்தனை வருடம் சேலைக்கு வந்த கூலி முழுக்க அப்பாவின் சம்பாத்தியம் என்றுதான் நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம்.

கொரோனாவில் வழக்கு இழுத்தது. அதற்குள் 2021 ஜனவரியில், கீர்த்தி வழக்கில், இல்லத்தரசியின் வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும், எதிர்கால வருமான உயர்வையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்ததை எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார். மறு வருடம் தீர்ப்பு வந்தது. மாதம் 9,000 என்று வைத்து, அந்த உயர்வுக்காக 25 சதவீதம் கூட்டி, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மீதி 7,500-ஐப் பன்னிரண்டு மாதத்துக்கும், அவர் வயதுக்கான 13 என்ற எண்ணாலும் பெருக்கி, 11,70,000. மற்ற தொகைகள் தனி.

அந்த மூன்றில் ஒரு பங்கு எதற்கு என்று கேட்டேன். இறந்தவர் தனக்காகச் செலவழித்திருக்கக்கூடிய தொகையாம். எங்கள் அம்மாவா? தீபாவளிக்கு ஒரு சேலை, அதுவும் அப்பா நெய்ததில் பழுது விழுந்ததைத்தான் உடுத்துவார். சட்டப்படி எல்லோருக்கும் இப்படி ஒரு பங்கைக் கழிப்பார்கள், தெரியும். இருந்தாலும் வாசித்த அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

தம்பியின் பங்கு அவனுக்குப் பதினெட்டு முடியும் வரை வங்கியில் வைப்பாக இருந்தது. இப்போது அதில்தான் படிக்கிறான். ஊரில் சிலர் பேசத்தான் செய்தார்கள்.

எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வயதுச் சான்று மூன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் வேறு வேறு வயது காட்டினால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், அக்கா காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்தார்கள் என்று மாமாவும் குழந்தைகளும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதட்டும். எனக்கு அன்று கூண்டில் பாதிதான் ஞாபகம் வந்தது.