சஸ்பென்ட் தோற்றால் மட்டும் கசியும் மெமரி: கண்டவர்கள் எழுதுங்கோ

வெள்ளவத்தை_கேர்னல்:
லினக்ஸ் ட்ரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் கேர்னல் பகுதி; கேர்னல் என்றால் லினக்ஸின் மையம்) ஒன்று. சாதனத்தின் ரெஜிஸ்டர்களை (உள் அமைப்பு மதிப்புகள்) பத்திரப்படுத்த சஸ்பென்டில் (தூங்கப் போகும்போது) 4096 பைட் கேமலொக் (மெமரி எடுப்பது), ரெசியூமில் (எழும்பும்போது) கேஃப்ரீ (அதை விடுவிப்பது). லெப்டொப்பை நூறு தரம் மூடித் திறந்தாலும் சுத்தம். கேமலொக்குக்குப் பிறகு வன்பொருள் மறுத்து சஸ்பென்ட் ஈபிஸியோடு ('சாதனம் வேலையாக இருக்கிறது' என்ற பிழை) திரும்பினால் மட்டும் 4096 பைட் போச்சு. தோற்ற சாதனத்தின் ரெசியூமைக் கேர்னல் கூப்பிடாது. அதற்கு முன் தூங்கிப்போனவற்றைத்தான் எழுப்பும். தோற்றது தன் குப்பையைத் தானே அள்ள வேண்டும்.

கேமெம்லீக்குக்கு (கேர்னலில் மெமரிக் கசிவைத் தேடும் கருவி) 'கிளியர்', ஒரு தோல்வி, 5 செக்கன் கடந்து 'ஸ்கேன்'. 'சைஸ் 4096' என்று பிடித்துக் கொடுத்தது. ஆனால் 'காம்' (மெமரியை எடுத்த புரொசஸின் பெயர்) இடத்தில் கேவொர்க்கர் (கேர்னலின் பின்னணி வேலையாள்)! அதுதான் முதலில் உறுத்தியது. அசிங்க் சஸ்பென்ட் (சாதனங்களைச் சமநேரத்தில் தூங்க வைப்பது) கேவொர்க்கரில் ஓடும், அவ்வளவுதான். அந்தப் பெயரை விட்டுவிட்டு பேக்டிரேசை (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) பாருங்கோ, ட்ரைவர் ஃபங்ஷன் அங்கே நிற்கும்.

திருத்தம்: தோல்விப் பாதைக்கு ஒரு கோடூ லேபல் (ஓட்டம் தாவிச் சேரும் இடம்), அதில் கேஃப்ரீ, உடனே பொயின்டருக்கு (அந்த மெமரியின் முகவரியை வைத்திருக்கும் மாறி) நல் (வெறுமை). நல்லை விட்டால் ரிமூவில் (ட்ரைவரைக் கழற்றும்போது ஓடும் ஃபங்ஷன்) உள்ள கேஃப்ரீ அதே முகவரியை இரண்டாம் தரம் விடுவிக்கும்.

கொட்டாஞ்சேனை13:
டெவ்எம்_கேமலொக் (தானாக விடுபடும் கேமலொக்) போட்டால் கேஃப்ரீயே தேவையில்லையே அண்ணா. நான் அப்படித்தான் ஒன்றைத் திருத்தினேன், கேமெம்லீக்கும் அடங்கிவிட்டது.

தெஹிவளை_ஸ்லாப்:
தம்பி, அடங்கியது கேமெம்லீக் மட்டும்தான். டெவ்எம் மெமரி ட்ரைவர் சாதனத்தை விட்டுப் பிரியும்போதுதான் விடுபடும், ரெசியூமில் இல்லை. இப்போது வெற்றிகரமான சஸ்பென்டுக்கும் ஒன்று சேரும். டெவ்ரெஸ் பட்டியல் (டெவ்எம் எடுத்தவற்றைச் சாதனத்தோடு சேர்த்து வைக்கும் கணக்கு) அதைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் கேமெம்லீக் கண்ணுக்கு அது கசிவே இல்லை. ஸ்லாப்டொப்பில் (கேர்னல் மெமரித் துண்டுகளை அளவுவாரியாகக் காட்டும் கருவி) பார்த்தேன், 4கே வரிசை அசையவில்லை, 8கே வரிசை ஏறுது. 4096 பைட்டுக்கு முன்னால் டெவ்ரெஸ் தலைப்பும் ஒட்டிக்கொள்வதால் துண்டு 8192 ஆகிறது. 128 சஸ்பென்டில் ஒரு மெகாபைட்.

டெவ்எம் வேண்டுமென்றால் ப்ரோபில் (ட்ரைவர் சாதனத்தோடு சேரும்போது) ஒரே தரம் எடுத்து வையுங்கோ. சஸ்பென்ட் வேளையில் ஸ்வொப்புக்கு (டிஸ்க்கில் உள்ள மாற்று இடம்) தள்ளி இடம் பிடிக்கவும் வழியில்லை. ஐஓ கொடிகளை (மெமரி தேட டிஸ்க்கைத் தொட அனுமதிப்பவை) கேர்னல் அப்போது எடுத்துவிடும்.

மருதானை_பிஎம்:
ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிஎம்_டெஸ்டில் (சஸ்பென்டை ஒத்திகை பார்க்கும் கோப்பு) 'டிவைசஸ்' எழுதி, 5 செக்கனில் எழும்பியது, பிழை இல்லை என்று அனுப்பிய திருத்தத்தை ஒருமுறை பார்த்தேன். அந்தச் சோதனை தோல்விப் பாதையைத் தொடுவதே இல்லை. ஃபெயில்ஸ்லாபும் (கேமலொக்கை வேண்டுமென்றே தோற்கடிக்கும் வசதி) இதற்குக் காணாது: கேமலொக்கே தோற்றால் கசிய என்ன இருக்கு? கேமலொக்குக்கு அடுத்த வரியில், தற்காலிகமாக, எரர் மாறியில் ஈபிஸியை இட்டு அந்த லேபலுக்குத் தாவ விடுங்கோ. நேரே ரிட்டர்ன் எழுதினால் லேபலைத் தாண்டிப் போய்விடும். இருபது தரம் தோற்கடித்து ஸ்கேன் பண்ணுங்கோ. முதல் ஸ்கேனில் ஒன்றும் வராவிட்டால் இன்னொரு ஸ்கேன். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு ஆர்டிசிவேக்கால் (குறித்த நேரத்தில் எழுப்பும் கட்டளை) 20 செக்கன் உண்மைத் தூக்கம்.

அனுப்பும்போது பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் (பதிவான கோட் மாற்றம்) அடையாளக் குறியில் முதல் 12 எழுத்துகளோடு ஃபிக்சஸ் ('இதைத் திருத்துகிறது' என்ற) வரி போடுங்கோ. அந்த வரி இருந்தால் எந்தப் பழைய கேர்னல்களுக்கு இது தேவை என்று ஸ்டேபிள்காரருக்கு (பழைய கேர்னல்களைப் பராமரிப்பவர்கள்) தெரியும்.