டிவி ரியாலிட்டி ஷோ குழுப் போட்டியில் இன்னும் உறுத்துகிற ஒரு தருணம்: உங்கள் அனுபவம்?

கரைக்காகம்
கண்கட்டு ஆட்டம்தான். மேடையில் ஒருத்தர் மட்டும் பார்ப்பார், மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகக் கயிற்றில் கட்டுண்டு மூட்டை தேடணும். எங்களுக்குக் குரல் கொடுத்தவர் நல்ல தொண்டைக்காரர். எதிரணிக்காரரும் அதே நேரத்தில் கத்துவார் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. "நில்லு!" என்று கேட்டது, நின்றேன். அது அவர்களுக்குச் சொன்னது. என் ஜோடி நடந்துகொண்டே போக, கயிறு வெட்டி இழுத்து, மரச்சட்டத்தில் முகத்தை இடித்துக்கொண்டார். மூக்கில் ரத்தம். முதலில் ஓடி வந்தது கேமரா, முதலுதவி அப்புறம்தான். ஒளிபரப்பில் அதற்குக் காமெடி இசை வேறு!

மூன்றாம்வரிசை
குரல் கொடுத்தவரைக் குறை சொல்லாதீங்க. முதலில் பெயர், பிறகு கட்டளை என்று முன்கூட்டியே பேசி வைக்காதது மொத்த அணியின் கோளாறு.

எங்களுடையது புதிர்ப் பலகை. ஐந்து பேரும் பலகை மேல் கவிழ்ந்து ஆளுக்கொரு துண்டைப் பிடுங்குகிறோம். ஒரு பெண் மட்டும் இரண்டடி தள்ளி நின்று, "அந்த மூலைத் துண்டு தலைகீழா இருக்கு" என்றாள். மறுபடியும் சொன்னாள். கேட்க யாருக்கும் காது இல்லை. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். டிவியில் வந்தது அந்தக் கை கட்டிய காட்சி மட்டும்தான். நடுவில் ஒருவர் தனிப்பேட்டியில் "சிலர் உழைக்கவே இல்லை" என்று சொல்வதை ஒட்டியிருந்தார்கள். மூலைத் துண்டு தலைகீழாகத்தான் இருந்தது.

பழையசீசன்
நானும் அண்ணனும் ஜோடியாகத் தேர்வுக்குப் போனோம். "உங்களில் யார் முடிவெடுப்பது?" என்றார்கள். இருவரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம். அவ்வளவுதான், வெளியே.

சரி, போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். ஜோடி ஜோடியாக ஊர் ஊராக ஓடும் அமெரிக்க டிவி பந்தயமான அமேசிங் ரேஸ் 2001-லிருந்து வருகிறது, பழைய சீசன்களை எடுத்துப் பாருங்கள். குறிப்புச் சீட்டை ஒருவர் சத்தமாக, கடைசி வரி வரை படிக்கணும். பாதி படித்துவிட்டு ஓடியவர்கள்தான் திரும்பி ஓடி வருவார்கள். 'ரோட்பிளாக்' (ஜோடியில் ஒருவர் மட்டும் செய்யவேண்டிய வேலை) வந்தால் வேலை முழுதாகத் தெரியும் முன்பே யார் செய்வது என்று சொல்லியாகணும். அங்கே நின்று விவாதிக்கக் கூடாது, யாருக்கு உயரம் பயம், யாருக்கு நீச்சல் வராது என்பதையெல்லாம் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். அப்புறம் தூக்கம். தூங்காத ஜோடி வழியை விட்டுவிட்டுப் பழைய சண்டையைப் பிடித்துக்கொள்ளும்.

வாயைத் திறந்து பேசியவன்தான் ஜெயிப்பான். சர்வைவர் (போட்டியாளர்களே ஓட்டுப் போட்டு ஒவ்வொருவராக வெளியேற்றும் அமெரிக்க நிகழ்ச்சி) முதல் சீசன், 2000: நாலு பேர் பேசிவைத்து ஓட்டைச் சேர்த்துப் போட்டார்கள். இன்னொருவர் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அடுத்து யாருக்குப் போடுவார் என்று தெரிந்ததால் அந்த ஓட்டும் இவர்களுக்கே உதவியது.

கரைக்காகம்
நான் எங்கேங்க குரல் கொடுத்தவரைக் குறை சொன்னேன்? நல்ல தொண்டை என்றுதானே எழுதியிருக்கிறேன். பழையசீசன், யோசனை யாரும் கேட்கலையே.

மூன்றாம்வரிசை
அந்த எழுத்து வரிசைக்காரர் பதினாறு பேரில் ஐந்தாவது வரை வந்தார். எங்கள் அணியில் சரியாகப் பேசியவள் அன்றைக்கே வெளியேற்றப்பட்டாள். இதில் யார் பேசி ஜெயித்தார், சொல்லுங்க?

பழையசீசன்
கடைசி நாலு இடமும் அந்த நாலு பேருக்குத்தானே போச்சு!