வாடகை வீட்டில் கேஸ் தீ, உதிரும் மேல்தளம், உடைந்த டைல்ஸ்: இன்சூரன்ஸில் எது வரும், அட்வான்ஸில் எதைப் பிடிக்கலாம்?

கேட்டவர்: மாடிவீடு_ராமேஸ்வரம்

ராமேஸ்வரம் நகராட்சிக்குள், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. கட்டி 14 வருடம். மாடி மூன்று வருடமாக வாடகையில் இருக்கிறது. வாடகை 9,000, அட்வான்ஸ் 27,000. குடியிருப்பவர் மீன் வியாபாரி; மாதக் கடைசியில் சாவி தந்துவிடுவார்.

12 நாளைக்கு முன் அடுப்படியில் கேஸ் ட்யூப் கசிந்து தீப்பிடித்தது. அக்கம்பக்கத்தார் ஈரச்சாக்கைப் போட்டு அணைத்துவிட்டார்கள், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவில்லை. மேடைக்கு மேலே பூச்சு பொரிந்துவிட்டது. வயரிங் உருகியிருக்கிறது, ஜன்னல் கதவும் எங்கள் எக்ஸாஸ்ட் ஃபேனும் போச்சு.

மொட்டை மாடியில் கருவாடு காயப்போட்டிருக்கிறார். அதற்கு நேர் கீழே ஹாலில் மேல்தளப் பூச்சு ஒரு கட்டில் அளவுக்கு விழுந்து, துருக்கம்பி தெரிகிறது. ஐஸ் பெட்டிகளை இழுத்ததில் ஹாலில் ஒன்பது டைல்ஸ் விரிசல். சுவரெல்லாம் மீன் வாடை.

வீட்டுக்கடன் எடுத்தபோது வங்கி போட்டுக்கொடுத்த பாரத் கிருக ரக்ஷா பாலிசி நடப்பில் இருக்கிறது, கட்டடத்துக்கு 22 லட்சம். எல்லாவற்றையும் ஒரே கிளெய்மில் கேட்கலாமா? தீ அவருடைய அலட்சியத்தால் வந்தது என்று தள்ளிவிடுவார்களா?

பதில் 1: இழப்பு_மதிப்பீடு

ஒரே கிளெய்மில் எல்லாவற்றையும் போடாதீர்கள். நியாயமாக வரவேண்டிய தீக்கான பணமும் அதில் சிக்கிக்கொள்ளும்.

தீ பாலிசிக்குள் வரும். விலக்கு எதற்கு என்றால், பாலிசிதாரர் வேண்டுமென்றே செய்ததற்கு. குடியிருப்பவர் ட்யூபை மாற்றாமல் விட்டது அந்தக் கணக்கில் சேராது. ட்யூப் மேலேயே அச்சடித்திருக்கும் தேதியைப் பாருங்கள், சுரக்ஷா ட்யூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். எரிந்த ட்யூப், ரெகுலேட்டர், ஃபேன் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சலில் தகவல் கொடுத்து, கிளெய்ம் எண்ணை வாங்குங்கள். சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கிளெய்ம் படிவம் போய்ச் சேரவேண்டும். உங்களுக்கு மீதி 18 நாள். தாமதத்துக்குக் காரணத்தை நேராக எழுதுங்கள். நியாயமான கிளெய்மைத் தாமதம் ஒன்றை மட்டும் காட்டித் தள்ளக்கூடாது என்று 2011-லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

தீயணைப்பு வண்டி வராததால் அவர்கள் அறிக்கை இருக்காது. அதற்கு ஈடாக மூன்று காகிதம் சேருங்கள்: காவல் நிலையத்தில் மனு கொடுத்து வாங்கும் சி.எஸ்.ஆர். ரசீது, கேஸ் ஏஜென்சி மெக்கானிக் வந்து பார்த்து எழுதித் தரும் அறிக்கை, அணைத்த அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்திட்ட கடிதம். மூன்றிலும் தேதியும் நேரமும் ஒத்துப்போகட்டும். ஒன்றில் காலை, இன்னொன்றில் மாலை என்று இருந்தால் அதற்கு விளக்கம் எழுதியே ஒரு மாதம் ஓடிவிடும்.

சர்வேயர் பார்க்கும்வரை சுவரைக் கழுவவோ சுண்ணாம்பு அடிக்கவோ வேண்டாம். ஆபத்தான மின்சாரத்தைத் துண்டிப்பது, விழப்போகும் பூச்சைத் தட்டிவிடுவது மட்டும் செய்யலாம், அதற்கும் முன்னே படம் எடுத்துவிட்டு. படத்தை மூன்று விதமாக எடுங்கள்: அறை முழுக்கத் தெரிவது, சேதத்துக்குக் கிட்டே போனது, டேப் வைத்து அளவு தெரிவது.

எஸ்டிமேட்டில் "அடுப்படி ரிப்பேர், மொத்தம் இவ்வளவு" என்று ஒரு வரி இருந்தால் சர்வேயர் அதைத் தன் கணக்கில் வெட்டுவார். பொரிந்த பூச்சு எத்தனை சதுர மீட்டர், வயர் எத்தனை மீட்டர் எந்தத் தடிமன், ஸ்விட்ச் எத்தனை, ஜன்னல் என்ன அளவு என்று தனித்தனியாக வரட்டும். வயரிங்குக்கு மெக்கர் (வயரின் மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்த அளவையும் எலக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்குங்கள். வெளியே நன்றாக இருக்கிற வயர் பைப்புக்குள்ளே உருகி ஒட்டியிருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது.

உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் வீட்டுப் பொருள் கணக்கில் வரும். இந்தப் பாலிசியில் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பொருட்களுக்குத் தானாகவே சேரும். அவருடைய மிக்ஸி, துணிமணிக்கு உங்கள் பாலிசி பொறுப்பில்லை.

வங்கி வழியாகப் போட்டது என்பதால் பாலிசியில் வங்கி பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பணம் வங்கிக்குப் போகும், அல்லது உங்களுக்குத் தர வங்கியின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அதை இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பதில் 2: தீவுக்காரன்

மேல்தளத்தையும் மழைச் சேதம் என்று போடுங்க அண்ணே. 2024 நவம்பர் 20-ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 41 செ.மீ. கொட்டுச்சு, ஊருக்கே தெரியும். யார் மறுக்கப்போறா?

பதில் 3: இழப்பு_மதிப்பீடு

மழை பெய்ததை யாரும் மறுக்கமாட்டார்கள். கம்பியைத்தான் பார்ப்பார்கள். அடுக்கடுக்காக உரியும் துரு ஒரு மழையில் வராது, வருடக்கணக்கில் ஏறியது என்று சர்வேயருக்குப் பார்த்ததும் தெரியும். படிப்படியாக வரும் தேய்மானம், துரு இரண்டும் பாலிசிக்கு வெளியே. தெரிந்தே பொய் எழுதினால் முழு கிளெய்மையும் தள்ள கம்பெனிக்கு உரிமை உண்டு, அடுப்படிப் பணமும் சேர்ந்து போகும். அன்றைய மழைக்கு இன்றைக்குத் தகவல் கொடுப்பதை யார் ஏற்பார்கள் என்பது வேறு.

பதில் 4: சிலாப்_வேலை

மேல்தளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மொத்த விவகாரத்தில் இதுதான் பெரிய செலவு, இதற்குத்தான் யாரும் பணம் தரமாட்டார்கள்.

கருவாட்டிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தட்டோட்டுக்குள் இறங்கி, காரை வழியாகச் சிலாப்புக்குள் போகும். உப்பில் இருக்கும் குளோரைடு கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். நீங்கள் பார்த்த "பூச்சு விழுந்தது" உண்மையில் பூச்சோடு கான்கிரீட்டும் விழுந்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் முழுப் பழியையும் கருவாட்டின்மேல் போடுமுன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கடற்காற்று படும் திறந்த இடத்தில் கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. நம் பக்கத்து வீடுகளில் சிலாப்புக்கு 15, மிஞ்சினால் 20. காரைக்குடியில் இருக்கும் செக்ரி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருவைச் சோதிக்கவே பக்கத்து மண்டபம் ஊரில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது என்றால் நம் காற்று எப்படிப்பட்டது என்று புரியும். கடல் பார்த்த சன்ஷேடு, பால்கனி, படிக்கட்டு அடிப்பக்கம் எல்லாவற்றையும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். அங்கேயும் பொள்ளென்று சத்தம் வந்தால் காற்றும் கவர் குறைவும்தான் முக்கியக் காரணம். கருவாடு காய்ந்த இடத்துக்கு நேர் கீழே மட்டும் பொள்ளு, மற்ற இடமெல்லாம் கெட்டிச் சத்தம் என்றால் உங்கள் வாதம் நிற்கும். உறுதியாக வேண்டுமானால் இரண்டு இடத்திலும் ஒரே ஆழத்தில் துளையிட்டு எடுத்த கான்கிரீட் தூளை ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு அளவு பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோதான் வரம்பு.

வேலை என்றால், முதலில் கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கொத்த வேண்டும். கம்பியின் முகத்தைமட்டும் கொத்தினால் போதாது, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, 20-25 மி.மீ., காலியாக வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகும்வரை தேய்த்துவிட்டுக் காலிப்பர் வைத்துக் கம்பியின் தடிமனை அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தாலே இரும்பில் கால்வாசிக்குக் கிட்டே போய்விட்டது. பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். பிறகு துத்தநாக பிரைமர், பிடிப்புப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த காரை, ஒரு தடவைக்கு 10-12 மி.மீ. கனம் மட்டும். ஒரே தடவையில் அப்பினால் சொந்த எடையிலேயே தொங்கிக் கழன்றுவிடும். போர்வெல் தண்ணீரில் கலக்காதீர்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கம்பிக் கான்கிரீட்டுக்கு ஆகாது, துறைமுகப் பக்கத்து போர் பலதும் அதைத் தாண்டும். நல்ல தண்ணீர் லாரியில் வாங்குங்கள், கியூரிங்குக்கும் அதையே.

மேலே இருக்கும் உப்பேறிய தட்டோட்டையும் காரையையும் பெயர்த்து எடுக்காமல் வாட்டர்புரூஃப் அடித்தால் உப்பை உள்ளே பூட்டிவைத்த மாதிரி. அடுத்த வருடம் பக்கத்து இடம் விழும்.

பதில் 5: வாடகைப்_பத்திரம்

அட்வான்ஸ் கணக்கு. 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி, வீடு காலியான ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். எது யார் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்திருக்கிறது. சுண்ணாம்பு அடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய் பதிப்பது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் வேலை. குழாய் வாஷர், ஸ்விட்ச், சிங்க், பூட்டு, கண்ணாடி இவையெல்லாம் குடியிருப்பவர் வேலை. கட்டட ரிப்பேர் வீட்டுக்காரருடையது, ஆனால் குடியிருப்பவர் செய்த சேதத்தால் வந்ததற்கு அந்த விதி பொருந்தாது. கருவாட்டு வாதம் இங்கேதான் பயன்படும், பதில் 4-ல் சொன்ன தட்டிப் பார்க்கும் சோதனை உங்கள் பக்கம் இருந்தால்.

டைல்ஸைப் பிடிக்கலாம். ஒன்பதுக்குத்தான் பிடிக்கலாம், "அதே டிசைன் கிடைக்கவில்லை" என்று ஹால் முழுக்க மாற்றும் செலவை அவர் தலையில் கட்ட முடியாது. மீன் வாடைக்கு பெயின்ட் செலவையும் பிடிக்காதீர்கள், மூன்று வருடத்தில் எப்படியும் அடிக்க வேண்டியதுதான். சுவரை நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு அடித்தால் போதும். உப்போடு அடித்தால் பெயின்ட் பொருக்காக உரியும்.

சாவி வாங்கும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்து, பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆனால் "இனி எங்களுக்குள் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். தீக்கான பணத்தைக் கொடுத்த பிறகு, தீக்குக் காரணமானவரிடம் அதை வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வரும். நீங்கள் முன்கூட்டியே அவரை விடுவித்துவிட்டால் அதைக் காட்டி உங்கள் பணத்தைக் குறைக்கலாம். அதேபோல் இன்சூரன்ஸில் வாங்கும் அதே அடுப்படிச் செலவை அட்வான்ஸிலும் பிடிப்பது இரட்டை வசூல்.

கேட்டவர்: மாடிவீடு_ராமேஸ்வரம்

நன்றி. இரண்டு விஷயம். கேஸ் இணைப்பு அவர் பெயரில், பாம்பனில் இருக்கும் பழைய வீட்டு முகவரியில் இருக்கிறது. ஹாலில் நாலு ஐஸ் பெட்டி வைத்து மீனும் வைத்திருந்தார். இரண்டும் கிளெய்மைப் பாதிக்குமா?

பதில் 6: இழப்பு_மதிப்பீடு

கேஸ் முகவரி உங்கள் பாலிசியைப் பாதிக்காது. அதனால் நஷ்டம் வேறொரு காப்பீட்டில். எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக எடுத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில், சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. ஆனால் பதிவு செய்த முகவரியில் நடந்தால்தான். பாம்பன் முகவரி என்றால் அந்த வழி அடைபட்டது. இருந்தாலும் ஏஜென்சிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், மெக்கானிக் அறிக்கை உங்களுக்கு வேண்டும்.

ஐஸ் பெட்டி கொஞ்சம் நெருடல். இந்தப் பாலிசி குடியிருக்கும் வீட்டுக்குத்தான். வாடகைக்கு விட்டதையும், பயன்பாடு மாறியதையும் கம்பெனிக்குச் சொல்லியிருக்க வேண்டும். முன்மொழிவுப் படிவத்தில் வாடகை வீடு என்று குறித்திருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். வங்கியில் பெரும்பாலும் "சொந்தக் குடியிருப்பு" என்று டிக் அடித்துவிடுவார்கள். சர்வேயர் கேட்டால் மறைக்காதீர்கள். குடும்பம் குடியிருந்தது, சமையல் அடுப்பில் தீ வந்தது, மீனுக்கும் தீக்கும் தொடர்பில்லை என்று எழுதிக் கொடுங்கள். ரேஷன் கார்டு முகவரி, மின் கட்டண அட்டை வீட்டு உபயோக விகிதத்தில் இருப்பது இரண்டும் துணைக்கு நிற்கும்.

தள்ளினால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால் சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பதில் 7: வாடகைப்_பத்திரம்

சாவி வாங்கும் நாளில் மின் மீட்டர் அளவையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஐஸ் பெட்டியோடு ஃப்ரீசரும் ஓடியிருந்தால் கடைசி பில் உங்கள் பெயரில்தான் வரும். அந்தத் தொகையைப் பட்டியலில் தனி வரியாக எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.