சொன்னெராவின் 1782 பாரிஸ் பதிப்பு விலைக்கு வந்திருக்கிறது: வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பழையதாள் (கேள்வி)

பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெராவின் கிழக்கிந்திய, சீனப் பயண நூல். 1782 பாரிஸ் பதிப்பு, குவார்ட்டோ (அச்சுத்தாளை நான்காக மடிக்கும்) அளவில் இரண்டு பாகம். பாரிஸ் வியாபாரி ஒருவரின் பட்டியலில் இருக்கிறது. அவர் தரும் விவரம்: அக்காலத்துக் கன்றுத்தோல் கட்டு, 140 செப்புத்தகட்டுப் படங்கள், "பழைய கைவண்ணம்", இரண்டாம் பாகத்தில் புழுத்துளை, ஒரு தலைப்புப் பக்கத்தில் நூலக முத்திரை. முழுப் பிரதிதானா, வண்ணம் நிஜமாகவே பழையதா, முத்திரையால் வில்லங்கம் வருமா, சென்னைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? புத்தகத்தை நேரில் பார்க்க வழியில்லை, படம் கேட்டால் எடுத்து அனுப்புவார்கள்.

ஏடுகட்டு

முதலில் எது எந்தப் பதிப்பு என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1782-இலேயே குவார்ட்டோ இரண்டு பாகமாகவும், சிறிய ஆக்டேவோ (எட்டாக மடிப்பது) மூன்று பாகமாகவும் வந்தது. 1806-இல் சொன்னினி என்ற இயற்கையியலாளர் திருத்திய பதிப்பு நான்கு ஆக்டேவோ பாகமும் தனிப் படத்தொகுதியுமாக வெளியானது. சேகரிப்பவர்கள் தேடுவது 1782 குவார்ட்டோவைத்தான். அதில் குறைந்துபோன படங்களுக்கு 1806 படத்தொகுதியிலிருந்து எடுத்து ஒட்டுப்போட்ட பிரதிகள் சந்தையில் வரலாம், அதையும் மனத்தில் வையுங்கள்.

அளவை சென்டிமீட்டரில் நம்பாதீர்கள். ஓரம் வெட்டி மறுகட்டு செய்தால் அளவு மாறிவிடும். கையால் செய்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் சங்கிலிக் கோடுகள் தெரியும். குவார்ட்டோவில் அவை படுக்கை வசமாக ஓடும், நீர்க்குறி முதுகு மடிப்பின் நடுவில் விழும். ஆக்டேவோவில் கோடுகள் நெட்டுவாக்கில், நீர்க்குறி மடிப்பின் மேல்முனையில். ஏதாவது ஒரு எழுத்துத் தாளைப் பின்னால் விளக்கு வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத்துத் தாள்களுக்கு, பக்கத்தின் அடியில் இருக்கும் மடிக்குறிகளை, அதாவது ஒவ்வொரு மடித்த கட்டுக்கும் வரிசையாக இட்ட எழுத்துகளை, எண்ணுங்கள். அந்தக் கால அச்சகங்களுக்கு 23 எழுத்துதான்: ஐ-யும் ஜே-யும் ஒன்று, யு-வும் வி-யும் ஒன்று, டபிள்யூ கிடையாது. குவார்ட்டோ மடிக்கு நான்கு தாள், எட்டுப் பக்கம். 1-ஆம் பக்கம் ஏ மடியில் தொடங்கினால் ஒரு சுற்று 184-இல் முடிந்து, இரட்டை ஏ 185-இல் வரும். வரவில்லையென்றால் இடையில் ஏதோ போயிருக்கிறது, அல்லது பக்க எண்ணில் அச்சுப்பிழை. பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல் இருந்தால் அதை ஒத்துப்பார்த்து எது என்று தீர்த்துக்கொள்ளலாம். ஒற்றைத் தாள் ஒன்று குறுகிய அடிக்கட்டையில் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். அச்சானபின் பிழை கண்டு பதிப்பாளரே தாளை மாற்றுவது பிரெஞ்சுப் புத்தகங்களில் சகஜம்.

விலையே படங்களில்தான் இருக்கிறது. எண்கள் இரு பாகத்துக்கும் தொடர்ச்சியாக 1 முதல் 140 வரை. வியாபாரி "140 படம்" என்று எழுதுவது தலைப்பைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். "எண்ணிச் சரிபார்த்தேன், முழுமை" என்று எழுத்தில் வாங்குங்கள். அவர் தயங்கினால் அதுவே பதில். முதலில் காணாமல் போவது சாமி படங்களும் பறவைகளும்தான். அறுத்தெடுத்துச் சட்டம் போட்டு விற்பவர்களுக்கு அவைதான் காசு. 94, 95-ஐத் தனியாகக் கேளுங்கள்: காட்டுச்சேவலும் பெட்டையும். டச்சு விலங்கியலாளர் தெம்மிங்க் 1813-இல் சொன்னெராவின் பெயர் சூட்டியது இந்தச் சேவலுக்குத்தான், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் அதே பறவை. மடகாஸ்கரின் ஐ-ஐ, இந்திரி என்ற லெமூர் வகை விலங்குகள் இரண்டையும் முதன்முதலில் அச்சில் விவரித்ததும் இந்த நூல்தான், அவற்றின் படங்களையும் விடாதீர்கள். ஒப்பிட பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்தில் ஸ்கேன் இருக்கிறது.

புழுத்துளை குறைதான், ஆனால் உங்களுக்கு அதுவே சாட்சி. புழு படத்தையும் எழுத்துத் தாளையும் பிரித்துப் பார்க்காது. 30 தாளில் ஒரே இடத்தில் ஓடும் துளை நடுவில் ஒரு படத்தில் மட்டும் இல்லையென்றால், அந்தப் படம் வேறு பிரதியிலிருந்து பின்னால் நுழைந்தது. எதிர்ப்பக்கத்தில் படத்தின் மங்கலான பழுப்பு நிழல் விழுந்திருப்பதும் அப்படியே: நிழல் பொருந்தினால் படம் நெடுங்காலமாக அங்கேயே இருந்திருக்கிறது.

செப்புத்தகடு

மேலே சொன்னவற்றில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் தகடு அழுந்திய தழும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஓரம் அதிகம் வெட்டியிருந்தால் தழும்பும், சில சமயம் மேலே இருக்கும் படஎண்ணும் போயிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் புள்ளிப்புள்ளியாகத் தெரிந்தால் அது பிற்கால நகல். செதுக்குக் கோடு தொடர்ச்சியாக, மை சற்றே மேடாக நிற்கும்.

வண்ணம்தான் இங்கே சிக்கல். சாதாரணப் பிரதிகள் கறுப்பு வெள்ளை. கைவண்ணம் பூசிய பிரதிகள் உண்டு, விலையும் கூடுதல். அதனால்தான் பின்னாளில் பூசும் ஆசை வருகிறது. கேட்க வேண்டிய படங்கள்:

பச்சை பூசிய படத்தின் பின்புறம். அக்காலப் பச்சைகளில் செம்பு கலந்தவை உண்டு, அவை ஆண்டுகள் போகப்போகத் தாளை அரித்துப் பின்பக்கத்தில் பழுப்பாகத் தெரியும். இலைகள் எல்லாம் பளிச்சென்று, பின்பக்கம் வெள்ளையாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மடித்து வைத்த படங்களின் மடிப்பு, நெருக்கத்தில். மடிப்பு விரிந்த இடத்தில் வண்ணம் உள்ளே இறங்கிக் கறுத்திருந்தால், மடிப்பு தேய்ந்தபின் பூசியது. வண்ணத்தோடு சேர்ந்து மடிப்பும் உதிர்ந்திருந்தால் பூச்சு முந்தியது. பழுப்புப் புள்ளிகளையும் இப்படியே பாருங்கள்: புள்ளி வண்ணத்துக்கு மேலா, கீழா?

புறஊதா விளக்கில் ஒரு படம். 1950-ஐ ஒட்டித் தாளில் சேர்க்கத் தொடங்கிய வெளிர்ப்பூட்டிகள் நீலவெள்ளையாக ஒளிரும், ஒட்டுத்தாள் (அட்டையின் உட்புறம் ஒட்டும் தாள்) மாற்றியதையும் அது காட்டிக்கொடுக்கும்.

இத்தனைக்கும் பிறகும் உறுதியில்லையென்றால் கறுப்பு வெள்ளைப் பிரதியின் விலையைத்தான் கொடுப்பேன் என்று பேசுங்கள். என் கருத்தில் நல்ல அழுத்தமான கறுப்பு அச்சு, சுமாரான வண்ணப் பிரதியைவிட மேல்.

ஏடுகட்டு

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. தெய்வப் படங்களில் நிறம் அடையாளமும்கூட; அக்கால வண்ணம் என்றால் அந்தப் பிரதி வேறு தரம். ஆனால் அக்காலத்தது என்று நிரூபிக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு, அதில் நாம் ஒன்றுதான்.

சுங்கவாசல்

முத்திரையை லேசாக எடுக்காதீர்கள். பிரான்ஸில் பொது நூலகச் சொத்தை விற்கவும் முடியாது, காலம் கடந்ததால் உரிமை போய்விட்டது என்று வாதாடவும் முடியாது. முத்திரை யாருடையது என்று முதலில் படியுங்கள். தனியார் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. நகர நூலகமோ அரச நூலகமோ என்றால், இரட்டைப் பிரதி என்று கழித்ததற்கான இரண்டாவது முத்திரை இருக்க வேண்டும். சுரண்டியோ வெளுத்தோ அழிக்கப் பார்த்திருந்தால் விலகிவிடுங்கள், எவ்வளவு மலிவாக வந்தாலும்.

வியாபாரி பிரெஞ்சுப் பழநூல் வியாபாரிகள் சங்கமான ஸ்லாமில் உறுப்பினரா என்று பாருங்கள். விவரம் தவறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் நெறி. அதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

நூறு ஆண்டு கடந்த அச்சு நூல் 50,000 யூரோவுக்கு மேல் மதிப்பிருந்தால்தான் பிரான்ஸின் ஏற்றுமதிச் சான்றிதழ் தேவைப்படும். அதற்குக் கீழே ரசீதும் அனுப்பு ஆவணமும் போதும். இந்தியப் பக்கம் வரி எவ்வளவு என்பது பொருளை எந்தத் தலைப்பில் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அனுப்புமுன் சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள். பலர் யோசிக்காத விஷயம் இன்னொன்று: 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுப் பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது சுலபமல்ல. பிறகு பாரிஸ் ஏலத்தில் விற்கலாம் என்ற கணக்கில் வாங்குவதாயிருந்தால் இப்போதே யோசியுங்கள். இறக்குமதி ஆவணத்தைப் புத்தகம் இருக்கும்வரை வைத்திருங்கள்.

பழையதாள்

நன்றி. பச்சையின் பின்புறம், மடிப்பு, முத்திரை, 94, 95 ஆகிய படங்களைக் கேட்டிருக்கிறேன். வந்து சேர்ந்தால் சென்னை ஈரத்தில் எப்படி வைப்பது?

ஏடுகட்டு

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கம் இல்லாமல். ஏசியைப் பகலில் போட்டு இரவில் அணைப்பது, போடாமலே இருப்பதைவிடக் கெடுதல். பாலித்தீன் உறை வேண்டாம், உள்ளே பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத அட்டைப்பெட்டியில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். வேப்பிலை, வசம்பு எதையும் தாளுக்கிடையே செருக வேண்டாம், கறை இறங்கும், முதுகும் பிதுங்கும். தோல் பொடிந்து உதிர்ந்தால் எண்ணெய் தடவாதீர்கள். கிழிசலுக்கு ஜப்பான் தாளும் கோதுமை மாவுப் பசையும்தான், அதையும் பழகிய கையிடம் கொடுங்கள். செலோடேப் பக்கமே போகக்கூடாது.