மறுமொழி: ‘ஃபினிஷ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

விஸ்கி, ஒயின் ருசி பார்ப்பவர்கள் சொல்லும் ‘ஃபினிஷ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டு இந்த இழையைத் தொடங்கிவைத்துவிட்டு நான் பாட்டுக்கு ஏற்காடு ஏறிவிட்டேன். இறங்கி வந்து பார்த்தால் பெட்டி நிறைய மடல். பாதி சொல்லைப் பற்றி, பாதி என்னைப் பற்றி. என்னைப் பற்றியதை முதலில் முடித்துவிடுகிறேன்.

> குடி சம்பந்தப்பட்ட ஒரு சொல்லுக்கு நாம் மெனக்கெட வேண்டுமா? அதுவும் சேலத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி வரலாமா?

‘அதுவும் சேலத்திலிருந்து’ என்று திருச்சி ஐயா அழுத்திச் சொன்னது புரிகிறது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்தது எங்கள் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. கொண்டுவந்தவர் ராஜாஜி. அதே ராஜாஜிதான் சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916-இல், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அவர் பேச்சு ஒன்றைத் தட்டுகிறேன், அவர் வேலை ஒன்றைத் தொடர்கிறேன். பாதிக்குப் பாதி தேறினால் போதாதா ஐயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் ஜவ்வரிசி வியாபாரி, ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர், அப்புறம் நான். மாதம் ஒரு சனிக்கிழமை அந்தத் தோட்டத்தில் கூடி விஸ்கியோ ஒயினோ ருசி பார்ப்போம். ஆளுக்கு இருபது மில்லி, மிஞ்சிப்போனால் இன்னொரு இருபது. குவார்ட்டர் கணக்கில் பேசுகிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவு; ஏறினால் இறங்குவது மறுநாள் காலையில்தான், அதில் பேச்சே கிடையாது. நால்வரில் ஒருவரும் நிபுணர் இல்லை. சேலத்து மல்கோவாவையும் வேறு ஊர் மல்கோவாவையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியும் என்ற திமிர் மட்டும் எல்லோருக்கும் உண்டு.

ஜவ்வரிசிக்காரர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கடையில் மிஞ்சிய பழைய கணக்கு நோட்டு, நெடுக்கில் சிவப்புக் கோடு போட்டது. பற்று, வரவு எழுத வேண்டிய இடத்தில் நிறம், வாசம், வாய்க்குள், ஃபினிஷ் என்று நான்கு கட்டம். முதல் மூன்றும் நிரம்பி வழிகின்றன. ‘வெல்லப்பாகு, கொஞ்சம் அடிபிடித்தது.’ ‘மழை விட்ட பிறகு ஓலைக்கூரை.’ நாசிக் ஷிராஸ் ஒயின் ஒன்றுக்கு ‘மாதுளைத் தோல் – பல்லெல்லாம் துவர்ப்பு’ என்று இருக்கிறது (பல் மருத்துவர் எழுதியது). நான்காவது கட்டத்தில் மட்டும் எட்டு மாதமாக ஒரே பதில்: ‘நல்லா இருக்கு.’

நாக்கு மழுங்கிய ஆட்கள் இல்லை இவர்கள். கட்டத்தின் தலைப்பே ஆளைக் குழப்புகிறது. ஃபினிஷ் என்றால் நமக்கு முடிந்தது, தீர்ந்தது. பஸ் போயிடுச்சு, படம் ஃபினிஷ். ஆனால் அந்தக் கட்டம் கேட்பது நேர் எதிரான கேள்வி: விழுங்கியாயிற்று, வாய் காலி, இப்போதும் என்ன இருக்கிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? அப்படியே இருக்கிறதா, வேறொன்றாக மாறுகிறதா?

இது விஸ்கிக்காரர்கள் கண்டுபிடித்த சங்கதி இல்லை. போன முறை தோட்டத்து வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்தோம். நெல்லி மரம் ஒன்று காய்த்துக் கிடந்தது. தோட்டக்காரர் நான்கு காய் பறித்துக் கொடுத்து, மென்று விழுங்கியதும் தண்ணீர் குடிக்கச் சொன்னார். சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். புளிப்பும் துவர்ப்புமாக முகம் கோணிப்போனது. சொம்புத் தண்ணீர் தொண்டையில் இறங்கியதும் இனித்தது. பல் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘இன்னும் இருக்கு… இன்னும் இருக்கு…’ என்றார். அப்போதுதான் ஜவ்வரிசிக்காரர் நோட்டை எடுத்து, நான்காவது கட்டத்தில் முதன்முறையாக மூன்று வரி எழுதினார். அன்றைக்குத் திறந்த புட்டியில் அப்போது ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

அடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நீங்களும் காப்பியை வைத்தே செய்யலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு விழுங்குங்கள். கசப்பு தெரியும், சர்க்கரை போட்டிருந்தால் இனிப்பு தெரியும், அவ்வளவுதான். கையை எடுத்து மூச்சு விட்டதும் மொத்தக் காப்பியும் வந்து நிற்கும். நாக்கு தன்னளவில் அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் ஜப்பான்காரர்கள் சொன்ன உமாமி (காளான், கறிச்சாற்றில் வரும் ருசி). மற்ற எல்லாம் தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் ஆவி. விழுங்கிய பிறகும் அந்த ஆவி ஏறிக்கொண்டே இருப்பதுதான் நாம் பேர் தேடும் பொருள்.

இனி, வந்த சொற்கள்.

> பின்சுவை என்று ஏற்கனவே சிலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பின் என்பது எப்போது வருகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. எனக்கு அது பின்விளைவு, பின்குறிப்பு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பின்விளைவு மறுநாள் காலைக்கு உரியது.

ஈற்றுச்சுவை: ஐயா மன்னிக்க வேண்டும். ஈற்றடி, ஈற்றசை என்று யாப்பு வகுப்பு வாசம் அடிக்கிறது. அதைவிட, ஆங்கிலச் சொல்லின் கோளாறை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறது. ஈறு என்றாலும் முடிவுதானே. (பல் மருத்துவர் வேறு அர்த்தத்தில் ரொம்ப சந்தோஷப்பட்டார்.)

அடிநாச்சுவை: கேட்க அழகாக இருக்கிறது. அடிநாக்கில் நஞ்சும் நுனிநாக்கில் அமுதும் என்ற பழமொழியும் துணைக்கு வரும். ஆனால் கசப்பு அடிநாக்கில், இனிப்பு நுனிநாக்கில் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருந்தார்களே, அந்த நாக்கு வரைபடமே தவறு. 1901-இல் வந்த ஜெர்மன் கட்டுரை ஒன்றைப் பிற்பாடு ஆட்கள் கோணலாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. நாமும் அதற்கு ஒரு சொல் கட்டிக்கொடுக்க வேண்டாம்.

எஞ்சுசுவை: இலக்கணம் சரி, பொருளும் சரி. எஞ்சு, எச்சம், எச்சில் என்று ஒரே குடும்பம். எங்கள் மேசையில் ஐந்து நிமிடத்துக்குள் எச்சில்சுவை ஆகிவிட்டது. இனிக் காப்பாற்ற முடியாது.

நிற்சுவை: பெங்களூரு தம்பி அனுப்பியது. நல்ல மனசோடு அனுப்பியிருக்கிறார். ‘ருசி நாக்கிலேயே நிக்குது’ என்று எல்லா வீட்டிலும் சொல்வதால் வேர் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் இது வினைத்தொகை. கொல்களிறு என்கிறோம், கொற்களிறு என்பதில்லை. அப்படிப் பார்த்தால் நில்சுவை என்றுதான் வர வேண்டும். அதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், யாரையோ அதட்டுவது போல இருக்கும்.

அந்த வழியிலேயே யோசித்துக்கொண்டு போனபோது கிடைத்தது தங்குசுவை. தங்கிய சுவை, தங்குகிற சுவை, தங்கும் சுவை: மூன்று காலமும் ஒரே சொல்லில் அடங்குகிறது, ஊறுகாய் மாதிரி. தங்குதல் என்றால் நிரந்தரமாகக் குடியிருப்பதும் இல்லை. வந்தவர் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவார். நீண்ட தங்குசுவை, குறுகிய தங்குசுவை, புகைத் தங்குசுவை, ‘தங்குசுவையே இல்லை’ – எப்படி வைத்தாலும் உட்காருகிறது.

ஒரு தடை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னபடி இதில் பெரும்பகுதி மணம் என்றால் சுவை என்று பேர் வைக்கலாமா? தங்குமணம் என்றல்லவா வர வேண்டும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

விஸ்கி, ஒயின் என்ற பேர்களையே மாற்றச் சொல்லி மூன்று மடல் வந்திருக்கிறது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. விஸ்கி விஸ்கியாகவே இருக்கட்டும். ஆனால் பீப்பாயில் பல வருடம் கிடந்த சரக்குக்கு ‘நாட்படு’ என்ற அடைமொழியை ஒருவர் எடுத்துக் கொடுத்தாரே, அது அருமை. சங்கப் பாட்டில் நாட்படு தேறல் (நாள்பட்டு முதிர்ந்த மது) வருகிறது, அதன் வீரியத்துக்குத் தேள் கடுப்பு உவமை. நம் நோட்டில் இதுவரை எழுதிய எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. ஸ்காட்ச் என்று பேர் போட வேண்டுமானால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் ஸ்காட்லாந்திலேயே கிடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தக் குளிரில் வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிப் போகும். நம் பெங்களூருவில் செய்கிற விஸ்கிக்கு, அந்த வெயிலில் 10 சதவீதத்துக்கும் மேலே. தேவதைகள் குடித்த பங்கு என்று அவர்கள் சொல்வதற்கு இதே குழுவில் முன்பு ‘ஆவிப்பங்கு’ என்று வைத்தோம், நினைவிருக்கும். இரண்டு ஆவியும் ஒரே சொல்லில் கிடைத்தது நம் அதிர்ஷ்டம்.

குடிக்காதவர்களுக்கு இந்தச் சொல்லால் என்ன லாபம் என்று கேட்டவருக்கு: எங்கள் தோட்டக்காரர் காப்பியை மதிப்பிடும்போதும் இதே கட்டம் இருக்கிறது. தூளில் வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய ஆடையைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, பிறகு சர்ரென்று உறிஞ்சித் துப்புவார்கள். துப்பிய பிறகும் வாயில் இருப்பதற்குத் தனி மதிப்பெண். காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த 1820-களில் இந்த மலைக்கு வந்த காப்பி. அதற்கு இன்னும் தமிழில் மதிப்பெண் அட்டை கிடையாது என்றால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
சேலத்துக்காரன்

பி.கு. பிரெஞ்சுக்காரர்கள் இந்த நேரத்தை அளக்கத் தனி அலகு வைத்திருக்கிறார்கள். கோதாலி என்று பேர். வால் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு கோதாலி என்பது ஒரு நொடி. நொடி என்றே சொல்லிவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. யாராவது மறுப்பீர்களா?

---

திருச்சியிலிருந்து:

தம்பி, நான் மதுவைத் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. காப்பிக்காக எழுதுகிறேன்.

தங்குசுவை எனக்குச் சம்மதம். ஈற்றுச்சுவையைத் திரும்பப் பெறுகிறேன், ஆனால் யாப்பு வகுப்பைக் கிண்டல் செய்ததை மறக்க மாட்டேன். மணமா சுவையா என்ற தடைக்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சளி பிடித்தால் மூக்குதானே அடைக்கிறது? அப்போது ‘சோறு வாசமே தெரியலை’ என்றா சொல்கிறோம்? ‘ருசியே தெரியலை’ என்கிறோம். தமிழில் சுவை என்பது மூக்கையும் சேர்த்துத்தான்.

அளவுக்கு நொடி எதற்கு? கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம், இதற்கு நம்மிடம் மாத்திரை என்று ஒரு அலகு கிடக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அதற்கும் மேல் நீட்டினால் அளபெடை. உங்கள் நோட்டில் இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள்.

---

சேலத்துக்காரன்:

ஐயா, காலில் விழுகிறேன்.

மாத்திரை என்றால் இன்றைக்கு எல்லோரும் மறுநாள் தலைவலிக்குப் போடுவதைத்தான் நினைப்பார்கள். அதனால் அளவுக்கு நொடியே இருக்கட்டும் என்று தோட்டக்காரரும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். தரத்துக்கு மட்டும் உங்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டோம்.

நேற்று சோதித்தோம். முதலில் தோட்டத்துக் காப்பி, பால் இல்லாமல்: நெடில், கடைசியில் ஆரஞ்சுத் தோல் போல ஒரு கசப்பு. அடுத்து யாரோ கல்யாணத்தில் கொடுத்தனுப்பிய, பேர் சொல்ல விரும்பாத ஒரு பிராந்தி. ஜவ்வரிசிக்காரர் ‘குறில்கூட இல்லை, மெய்யெழுத்து, அரை மாத்திரை’ என்றார். தொண்டையில் கமறல் மட்டும்தான் மிச்சம். கமறலைத் தங்குசுவையில் சேர்ப்பதா கூடாதா என்று அரை மணி நேரம் சண்டை. சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. மிளகாய் வறுத்தாலும் கமறும், அதை யாரும் ருசி என்பதில்லை.

மூன்றாவதாக அம்ருத் ஃப்யூஷன் என்ற பெங்களூரு விஸ்கி. நம் ஊர் பார்லியையும், புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்துச் செய்தது, ஆல்கஹால் 50 சதவீதம். நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டோம். விழுங்கியதும் முதலில் கருப்பட்டி, அது அடங்கும் நேரத்தில் சுள்ளென்று மிளகு, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தபோது விறகடுப்பு அணைந்த பிறகு வரும் புகை. மருத்துவர் நாற்பத்தெட்டு வரை எண்ணிவிட்டுக் கையை விரித்தார்.

நோட்டில் நான்காவது கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு, மேலே தங்குசுவை என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே ஜவ்வரிசிக்காரர் கையெழுத்தில்: ‘அளபெடைஇஇ’. ஒரு இ போதும் என்றேன். கேட்கவில்லை.