அந்தஸ்து கேட்டுக்கிட்டே இருந்தா மில் ஓடுமா?

உப்பளத்தான்:
மாநில அந்தஸ்து கேட்டு 2023 மார்ச்சில் புதுச்சேரி சட்டமன்றம் இன்னொரு முறை தீர்மானம் போட்டது. தேர்தல் வந்தால் எல்லா மேடையிலும் இதே பல்லவி. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை 2020 ஏப்ரலோடு மூடியாச்சு. சுதேசி, பாரதி மில்லும் போச்சு. அந்த வேலைக்குப் பதில் என்னன்னு கேட்டா, "அந்தஸ்து வரட்டும்". டில்லியைக் கைகாட்டித் தப்பிக்கத் தோதான கோரிக்கை, வேற ஒண்ணுமில்ல.

வில்லியனூர்க்காரன்:
தப்பிக்கவா? மத்திய வரியைப் பங்கு பிரிக்கச் சொல்லும் நிதிக் குழு மாநிலங்களுக்கு மட்டும்தான் சார். மத்திய வரியில் அவங்களுக்கு 41 சதவீதம் பங்கு. நமக்கு டில்லி பார்த்துக் கொடுக்கும் மானியம். 2007 டிசம்பரில் புதுச்சேரிக்குன்னு தனிப் பொதுக் கணக்கு (அரசோட வரவு செலவைத் தனியா வைக்கிற கணக்கு) தொடங்கியதிலிருந்து பற்றாக்குறைக்குச் சந்தையில் கடன், அதுக்கு வட்டி. சம்பளம், ஓய்வூதியம், மின்சாரம் வாங்குற செலவு போக முதலீட்டுக்கு எங்கே போறது?

உப்பளத்தான்:
மானியம் பத்தாது, சரி. இருக்கிற பணம் என்னாகுதுன்னு பாருங்க. பட்ஜெட்டில் மூலதனப் பிரிவின் (சாலை, கட்டடம் மாதிரி சொத்து உருவாக்குற செலவு) மொத்தத்தை நம்பாதீங்க. கடன் அசலைக் கட்டுவதும் (கணக்குத் தலைப்பு எண் 6003, 6004) அதில் சேரும். 4000 முதல் 5999 வரையுள்ள தலைப்புகளை மட்டும் கூட்டுங்க. சாலை, பாலம் 5054, மருத்துவம் 4210. அப்புறம் அதே வருஷத்தின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவான கணக்கு மூணையும் பக்கத்துல வைங்க. ஒரு வருஷத்துக்கு மூணு வருஷப் புத்தகம் புரட்டணும், அதனாலதான் யாரும் பாக்குறதில்ல. வருமானம் குறைஞ்சா சம்பளத்திலயும் வட்டியிலயும் கைவைக்க முடியாது, வெட்டு விழுறது இந்த மூலதனச் செலவுலதான். டிசம்பரில் டெண்டர் விட்டா மார்ச் 31-க்குள் பில் ஆகாது, ஒதுக்கீடு காலாவதி. சீக்கிரம் டெண்டர் விட அந்தஸ்து எதுக்கு?

மஞ்சக்குப்பம்:
கடலூர்க்காரங்க நாங்க தமிழ்நாடுங்கிற மாநிலத்துலதான் இருக்கோம், அதனால மட்டும் ஆலை ஓடிடுச்சா? 2011 டிசம்பர் 30 தானே புயலில் அடிபட்ட நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடவே இல்லாம திவால் நடவடிக்கைக்குப் போச்சு.

வில்லியனூர்க்காரன்:
அண்ணே, அது பெரும்பாலும் தனியார் திட்டம், இதோட கோக்காதீங்க. உப்பளத்தாருக்கு: டெண்டர் ஏன் டிசம்பர் வரை இழுக்குது? 1963-ம் வருஷ யூனியன் பிரதேச அரசுச் சட்டம், பிரிவு 44. அமைச்சரவையும் துணைநிலை ஆளுநரும் ஒத்துப்போகலைன்னா விவகாரம் குடியரசுத் தலைவருக்கு, அதாவது டில்லிக்கு. இலவச அரிசியா பணமான்னு நடந்த இழுபறி மறந்துபோச்சா? 5054-ல எவ்வளவு செலவாகலைன்னு உங்க புத்தகம் சொல்லும். கோப்பு எந்த மேஜையில கிடந்துதுன்னு சொல்லாது.